பூட்டனாரின் கடை: திருகோணமலைக் கடைக்காரக் குடும்பங்களைப் பழைய பத்திரிகைகளில் தேடும் முறை

"பூட்டனுக்குப் பெரியகடையில் புடவைக்கடை இருந்தது" என்ற பேச்சு திருகோணமலையில் பல வீடுகளில் உண்டு. எந்த ஆண்டில் திறந்தார், யாரோடு பங்கு, எப்போது மூடினார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பேரேடும் ஐந்தொகையும் கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் போயிருக்கும். மிஞ்சியிருப்பது பத்திரிகை.

புதிதாகத் தேட வருபவர்கள் செய்திப் பக்கத்தில் பூட்டனின் பெயரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பலன் கிடைப்பதில்லை. சில்லறைக் கடைக்காரர் செய்தியாவதற்குக் கடை தீப்பிடிக்க வேண்டும், களவு போக வேண்டும், அல்லது கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பெருந்தொகை கொடுத்திருக்க வேண்டும். மற்றப்படி அவர் அச்சேறியது இரண்டு வழியில்தான்: காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், சட்டம் கட்டாயப்படுத்திய அறிவித்தல். ஆகவே கண் போக வேண்டியது முதற்பக்கமும் கடைசிப் பக்கமும். அந்தக் காலப் பத்திரிகைகளில் பெரும்பாலும் அங்கேதான் விளம்பரங்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். தேட வேண்டிய சொல்லும் ஆளின் பெயராக இருக்க வேண்டியதில்லை. கடையின் விலாசம் (கடைக்கு அடையாளமாக வைத்த முதலெழுத்துகள்), தெரு, விற்ற சரக்கு ஆகிய மூன்றும் பெயரைவிட நன்றாகப் பிடிகொடுக்கும்.

வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியவை

சுவடிக்கூடத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு வாரம் செலவழியுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவை ஒழுங்குபடுத்திய கட்டளைச் சட்டம் 1867இல் வந்தது. அதற்குப் பிந்திய மரணம் என்றால் பதிவு இருக்க வாய்ப்புண்டு. காணி உறுதிகளில் வாங்கியவரின் பெயரோடு தகப்பன் பெயர், தொழில், இருப்பிடம் எல்லாம் நொத்தாரிசு எழுதியிருப்பார். பழைய பில் ஒன்று, கடிதத் தலைப்பு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒன்றுமே இல்லாவிட்டால் குசினிக்குள் போய்ப் பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் திருப்பிப் பாருங்கள். அவற்றில் வெட்டியிருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள் கடையின் விலாசமாக இருக்கக்கூடும். கோயிலில் 'உபயம்' என்று பொறித்த கல்லிலும் அதே எழுத்துகளைக் காணலாம்.

இந்த விலாசம்தான் திறவுகோல். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கரையோர முஸ்லிம் வணிகர்களும், இவர்களைப் பார்த்து உள்ளூர் வணிகர் பலரும், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கடைக்கு அடையாளமாக வைத்தார்கள். ஆங்கில அறிவித்தலில் இந்த எழுத்துகள் இனிஷலாக வராமல், திண்ணைப் பள்ளியில் சொல்வதுபோல உச்சரித்தபடி வரும். குறில் 'க' என்றால் கானா. நெடில் 'கா' என்றால் காவன்னா. 'மு' மூனா, 'மூ' மூவன்னா, 'சு' சூனா, 'சி' சீனா. ஆகவே க.சு.மு. என்ற கடையின் முத்தையாவை ஆங்கில அகரவரிசையில் முத்தையாவுக்குரிய 'எம்' எழுத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். 'கானா சூனா மூனா முத்தையா' என்று 'கே' எழுத்தின் கீழ் இருப்பார். காவன்னா என்றால் 'கே', 'சி' இரண்டிலும், நடுவில் 'வி', 'டபிள்யூ' இரண்டிலும் பார்க்க வேண்டும். கேட்டு எழுதிய எழுதுவினைஞரின் காதைப் பொறுத்தது அது. குறிலா நெடிலா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். கானாவும் காவன்னாவும் இரண்டு வேறு குடும்பங்கள்.

எந்தப் பத்திரிகை

திருகோணமலைக் கடைகளின் விளம்பரமும் அறிவித்தலும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சான பத்திரிகைகளில்தான் கிடைக்கும். எதில் தொடங்குவது என்பதைக் குடும்பத்தின் சமயமும் மொழியும் தீர்மானிக்கும். கிறிஸ்தவப் புரட்டஸ்தாந்துக் குடும்பமென்றால் 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உதயதாரகை. கத்தோலிக்கர் என்றால் 1876இல் தொடங்கிய சத்தியவேத பாதுகாவலன். 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாகும் வரை இந்தப் பக்கம் யாழ்ப்பாண ஆயரின் கீழேயே இருந்ததால் செய்திகள் அங்கே போய்ச் சேர்ந்தன. சைவர்களுக்கு 1889இல் சைவ பரிபாலன சபை தொடங்கிய இந்து சாதனமும் அதன் ஆங்கில இணையான இந்து ஓர்கனும். முஸ்லிம் குடும்பங்களுக்குச் சித்தி லெப்பை 1882இல் கண்டியில் தொடங்கிய முஸ்லிம் நேசன். 1930இல் வீரகேசரியும் ஈழகேசரியும், 1932இல் தினகரனும் வந்தபின் தேடல் எளிதாகிறது. வீரகேசரியைத் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியாரே நாட்டுக்கோட்டைச் சமூகத்தவர். செட்டியார் கடைகளைத் தேடுவோர் அதன் ஆரம்ப ஆண்டுகளைத் தவறவிடக் கூடாது.

கடற்படைக்கும் கோட்டைப் பட்டாளத்துக்கும் சரக்கு விற்ற கடைகள் ஆங்கிலத்தில் விளம்பரம் செய்தன. அவற்றுக்கு 1834இல் தொடங்கிய ஒப்சேவர், 1846இல் தொடங்கிய சிலோன் டைம்ஸ், 1888இன் இண்டிபெண்டன்ட், 1918இன் டெய்லி நியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். ஒப்சேவரை நடத்திய பெர்கியூசன் குடும்பம் வெளியிட்ட டிரெக்டரியில் ஊர்வாரியாக வணிகர் பட்டியல் உண்டு. வரிசையாகப் பல ஆண்டுத் தொகுதிகளை எடுத்து, கடை எந்த ஆண்டில் தோன்றி எந்த ஆண்டில் மறைகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால் பத்திரிகையில் புரட்ட வேண்டிய காலம் முப்பது ஆண்டிலிருந்து நாலைந்து ஆண்டாகச் சுருங்கும். ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காகக் கடையே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிறிய பலசரக்குக் கடைகளை அது கணக்கிலெடுக்கவில்லை.

வர்த்தமானி: யாரும் விரும்பிப் படிக்காத புதையல்

1802 முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானி பத்திரிகை என்ற கணக்கில் சிலருக்கு வருவதில்லை. கடைக்காரர் வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நீதிமன்ற அறிவித்தல்களைப் படியுங்கள்.

கடைக்காரர் ஒருவர் ஓரளவு சொத்தோடு இறந்தால், ஆதனத்தை நிருவகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு வைக்க வேண்டும். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின்படி அங்கே 'ஓர்டர் நைசை' என்ற தற்காலிகக் கட்டளை பிறக்கும். அதை வர்த்தமானியிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வெளியிடுவார்கள். பார்ப்பதற்கு உலர்ந்த பத்து வரி. உள்ளே இறந்தவரின் முழுப்பெயர், இருந்த தெரு, மனுதாரர் யார், அவர் விதவையா மகனா, எதிர்மனுதாரர்களாக மற்றப் பிள்ளைகள் அத்தனைபேரின் பெயர், மணமான பெண்பிள்ளைகளின் கணவர்மார், பராயமடையாதவர்களுக்குப் பாதுகாவலர் யார் என்று ஒரு தலைமுறை முழுவதும் வரிசையாக நிற்கும். இறந்தவருக்கு மரணசாசனம் இருந்ததா இல்லையா என்பதும் தலைப்பிலேயே தெரியும். மேலே ஒரு இலக்கம் இருக்கும். அதுதான் வழக்கு இலக்கம். மற்ற எதை எழுதாவிட்டாலும் அதை எழுதிக்கொள்ளுங்கள். வழக்குக் கோப்பு தப்பியிருந்தால் அதற்குள் சொத்துப் பட்டியல் இருக்கும்: கடையில் இருந்த சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன்.

அடுத்தது வங்குரோத்து அறிவித்தல். 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடன் தீர்க்க முடியாதவர் நீதிமன்றத்தை நாடலாம். கடன் கொடுத்தவர்களின் கூட்டத் திகதி அச்சாகும். இதைக் கண்டு குடும்பத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். தேவையில்லை. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது நேர்மையாகக் கடை நடத்தியவர்களும் விழுந்தார்கள். நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்காலின் ஏல அறிவித்தல்களில் கடைக்கட்டடத்தின் நாற்புற எல்லை வரும்: வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே தெரு என்று. அயல்வீட்டார் பெயர்கள் அப்படித்தான் கிடைக்கின்றன. பின்னர் அவர்களுடைய உறுதியில் நம்மவர் எல்லையாக வருவார்.

ஜூரிகள் பட்டியலும் அச்சானது. ஆங்கிலம் பேசுவோர், தமிழ் பேசுவோர் என்று பிரித்துத் தொழிலும் இருப்பிடமும் போட்டிருப்பார்கள். 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்ச் சட்டத்துக்குப் பிறகு, சொந்தப் பெயரல்லாத பெயரில் கடை நடத்துவோர் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே 'அன் கோ', 'ஸ்டோர்ஸ்' என்று பெயர் வைத்த கடைகளின் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி.

சொற்கள் ஏமாற்றும் இடங்கள்

பழைய ஆங்கிலப் பத்திரிகையில் 'மலபார்' கடைக்காரர் என்றிருந்தால் கேரளத்துக்குப் போய்விடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலேயர் தமிழரைத்தான் அப்படி அழைத்தனர். 'மூர்மேன்' முஸ்லிம். 'செட்டி' என்பது நாட்டுக்கோட்டையாராகவும் இருக்கலாம், கிறிஸ்தவரான கொழும்புச் செட்டியாராகவும் இருக்கலாம்; முன்னால் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'பூட்டிக்' என்றால் இன்றைய பகட்டுக் கடையல்ல. போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த அச்சொல் இலங்கை ஆங்கிலத்தில் பெட்டிக்கடை, சில்லறைக்கடையைக் குறித்தது. 'பூட்டிக் கீப்பர்' சிறு கடைக்காரர், 'டிரேடர்' அவருக்கு மேலே, 'மெர்ச்சண்ட்' இன்னும் மேலே. ஒரே ஆள் இருபது ஆண்டில் மூன்று பெயரிலும் வரலாம். கடை வளர்ந்த கதை அதுவே. 'பீஸ் குட்ஸ்' புடவைச் சரக்கு. 'ஒயில்மன் ஸ்டோர்ஸ்' என்பது எண்ணெய்க் கடையல்ல, தகரத்திலும் போத்தலிலும் வரும் சீமைச் சாமான். 'கறி ஸ்டஃப்ஸ்' கறிச்சரக்கு. துறைமுகத்தில் கப்பல்களுக்கு இறைச்சி, மரக்கறி, தண்ணீர் ஒழுங்குசெய்தவர் 'துபாஷ்'. திருகோணமலையில் இந்தச் சொல்லைத் தேடாமல் விட்டால் துறைமுக வணிகத்தில் ஒரு பகுதியே விடுபட்டுப்போகும்.

ஊர்ப் பெயரிலும் கவனம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகள் 'இ-இ' என்றும் 'ஐ-இ' என்றும் வரும். முற்காலத்தில் நடுவில் ஒரு 'நோ' சேர்ந்து நீளும். தமிழில் திருக்கோணமலை, திருகோணமலை, திரிகோணமலை மூன்றும் உண்டு. நீண்ட பெயர் என்பதால் ஒடுக்கமான பத்தியில் அடிக்கடி இரண்டு வரியாக உடையும். கணினித் தேடல் உடைந்த சொல்லைக் கண்டுபிடிக்காது. பாதிப் பெயரைப் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

திகதி இன்னொரு பொறி. 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம், 'அல்டிமோ' சென்ற மாதம், 'ப்ராக்சிமோ' வரும் மாதம். மார்ச் 3ஆம் திகதி இதழில் '25 அல்டிமோ இறந்தார்' என்றால் பெப்ரவரி 25. தமிழ்ப் பத்திரிகையில் ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டு வட்டப் பெயர் மட்டும் இருந்தால் ஒரு தலைமுறையே தவறிப்போகும்: விகாரி 1839இலும் 1899இலும் 1959இலும் பிறந்தது. விகாரி வருடம் தை மாதம் என்றால் 1900 ஜனவரி - பெப்ரவரி. சித்திரையில் ஆண்டு மாறுவதை மறந்து 1899 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

வெட்டி வைத்த துண்டில் திகதியே இல்லையா? விலையைப் பாருங்கள். 1872 முதல் ரூபாயும் சதமும்தான். பவுண், சில்லிங், பென்ஸ் என்றால் அதற்கு முன். இறைசால் என்ற பழைய நாணயம் என்றால் இன்னும் முன். ஓர் இறைசாலுக்கு ஒரு சில்லிங் ஆறு பென்ஸ் என்று 1825இல் நிர்ணயித்தார்கள்.

ஆள் மாறிப்போவது ஏன்

மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் நமக்குப் பெருமை, தேடுபவருக்குத் தலையிடி. கற்பனைக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கந்தையாவின் மகன் சின்னத்தம்பி. சின்னத்தம்பியின் மகன் கந்தையா. அவர் மகன் மறுபடி சின்னத்தம்பி. 1870இலும் 1925இலும் வரும் க. சின்னத்தம்பி ஒருவரல்ல. ஐம்பது ஆண்டு ஒரே பெயரில் கடை நடந்தால் இரண்டு பேர் என்று சந்தேகிப்பதே முறை. அந்தச் சின்னத்தம்பி ஆங்கிலத்தில் 'எஸ்'சிலும் 'சி-எச்'சிலும் தொடங்குவார், ஒற்றை 'என்', இரட்டை 'என்' எடுப்பார், 'ஐ'யிலும் 'வை'யிலும் முடிவார். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுக் களைப்பதைவிடத் தெருப் பெயரையும் சரக்கையும் சேர்த்துத் தேடுவது விரைவில் பலன் தரும்.

இதைவிடப் பெரிய பிழை முகவரை முதலாளியாக்குவது. செட்டியார் கடைகளில் ஊரிலிருந்து வரும் முகவர் வழக்கமாக மூன்று ஆண்டு இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார், அடுத்தவர் வருவார். அவர் பெயரில்தான் வழக்கு, ஏலம், ரசீது எல்லாம். 'அவருடைய அற்றோணி (அதிகாரம் பெற்ற பிரதிநிதி) மூலம்' என்ற சொற்றொடர் இருந்தால் கையொப்பமிட்டவர் சொந்தக்காரரல்ல. "இன்னாருக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை இன்றுமுதல் இரத்துச் செய்கிறேன்" என்ற அறிவித்தலைக் கண்டால் சண்டை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஆள் மாற்றந்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வருகிறதா என்று பார்த்தால் முகவர்களின் வரிசையே கிடைக்கும்.

விளம்பரமும் பொய் சொல்லும், தெரியாமலே. ஒருமுறை அச்சுக்கோத்த விளம்பரத்தை அப்படியே மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். முதலாளி இறந்தபின்னும் 'புதிதாக வந்திறங்கிய சரக்கு' வந்திறங்கிக்கொண்டே இருக்கும். முதன்முதலில் எப்போது வந்தது, வாசகம் எப்போது மாறியது என்ற இரண்டு திகதிகளுக்குத்தான் மதிப்பு. பெயரோடு 'அன் சன்ஸ்' புதிதாகச் சேர்ந்த வாரத்துக்கு அண்மையில் மகன்மார் கடைக்குள் வந்திருப்பார்கள். 'பங்கு கலைக்கப்பட்டது' என்ற அறிவித்தலுக்குப் பக்கத்தில் புதுக்கடை ஒன்றின் விளம்பரத்தைத் தேடுங்கள்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் உதயதாரகை, இந்து ஓர்கன், ஈழகேசரி போன்றவற்றின் பல இதழ்கள் இலவசமாக உண்டு. பெரும்பாலும் பக்கப் படங்கள் என்பதால் சொல் கொடுத்துத் தேட முடியாது, புரட்டத்தான் வேண்டும். வார இதழ் ஒன்றில் அறிவித்தல் பக்கங்களை மட்டும் பார்க்க இரண்டு நிமிடம் வைத்தால் ஓராண்டின் 52 இதழும் இரண்டு மணிநேரத்துக்குள் முடியும். சோர்வு வந்தால் நிறுத்துங்கள், கண் பார்த்தும் மனம் பார்க்காத பக்கங்களை மறுபடி பார்க்க வேண்டிவரும். மலாயாவில் உறவிருந்த குடும்பங்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய பத்திரிகைத் தளத்தையும் பாருங்கள். அங்கே இறந்தவரின் மரண அறிவித்தலில் 'திருகோணமலை வணிகர் இன்னாரின் சகோதரர்' என்று வரலாம். கப்பல் வரவுக்கு ஒஸ்ரேலியாவின் ட்ரோவ் தளம் உதவும். இரண்டும் இலவசம், சொல் கொடுத்துத் தேடலாம்.

அச்சுப் பிரதிகளுக்குக் கொழும்பிலுள்ள தேசியச் சுவடிக்கூடமும் நூதனசாலை நூலகமும். 1885இல் அச்சிடுவோர் பிரதி ஒப்படைக்க வேண்டுமென்ற சட்டம் வந்ததால் அதற்குப் பிந்திய இதழ்கள் அதிகம் தப்பின. போகுமுன் எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்று எழுதிக்கொண்டு போங்கள். 'பூட்டனைப் பற்றி ஏதாவது' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். தாள் ஓரம் பொரிந்து உதிரும் தொகுதியை முழுவதுமாக விரித்து அமுக்க வேண்டாம்.

கண்டதைக் குறிக்கும்போது பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், பத்தி, அச்சிலுள்ள வாசகம் எழுத்து மாறாமல், எங்கே பார்த்தீர்கள் என்பது ஆகியவை ஒரு பக்கத்தில். உங்கள் ஊகம் மறுபக்கத்தில். படம் எடுத்தால் முதலில் இதழின் தலைப்பும் திகதியும், பிறகு முழுப் பக்கம், கடைசியில் அறிவித்தல். அறிவித்தலை மட்டும் எடுத்த படம் ஆறு மாதத்தில் எந்த இதழ் என்று தெரியாத படமாகிவிடும். பார்த்தும் ஒன்றும் கிடைக்காத ஆண்டுகளையும், தொகுதியில் இல்லாத இதழ்களையும் எழுதுங்கள்.

ஊரின் காலக்கோடு

கடை ஏன் திடீரென்று மறைகிறது என்பதற்கு விடை சில வேளை குடும்பத்தில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. 1905 அளவில் பிரித்தானியக் கடற்படை இங்குள்ள டொக்யார்ட்டை மூடியபோது கப்பலை நம்பிய கடைகளுக்கு வாடிக்கை போனது. அந்த ஆண்டுகளில் காணாமற்போனவரை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு விளம்பரங்களில் தேடுங்கள். 1927இல் ரயில் வரும்வரை பயணம் பெரும்பாலும் கடல்வழி. தீவைச் சுற்றி வந்த லேடி ஹேவ்லொக், லேடி கோர்டன் போன்ற கப்பல்களின் பயணிகள் பட்டியலில் ஆங்கிலேயரை முழுப்பெயரோடு போட்டு, நம்மவரைத் 'தளப் பயணிகள்' என்று எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். நாகபட்டினத்து அரிசியோடு வந்த தோணிகளின் வரவு அதே பத்தியின் அடியில் இருக்கும். தோணியின் தலைவரான தண்டயலின் பெயரும், சில வேளை சரக்குக்குரியவரின் பெயரும் அங்கே உண்டு.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபின் ஊரைவிட்டுச் சனம் போனது. போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் மெலிந்தன, விளம்பரம் குறைந்தது. 1942க்கும் 1945க்கும் இடையில் கடையைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் அதை மூடிவிட்டார் என்று எழுதாதீர்கள். 1946, 1947 இதழ்களைப் பார்த்துவிட்டு, அதே விலாசம் அதே தெருவில் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பெயருக்கு முன்னுள்ள எழுத்து மாறியிருக்கிறதா என்பதையும்.